லாரி திரும்பிப் போன மத்தியானம்

ஆயர் வேலைக்குப் போகிற நீங்கள், பிரசங்கம் எப்படித் தயாரிப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். இறையியல் கல்லூரியில் அதற்கு நல்ல ஆசிரியர்கள் இருந்திருப்பார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்க ஆராதனை, கமிட்டிக் கூட்டத்துச் சண்டை எல்லாம் போகப்போகக் கைக்கு வந்துவிடும். நான் உங்களிடம் சொல்ல நினைப்பது வேறு. யாரோடும் கலந்துபேச நேரமில்லாமல், வாசலில் ஆள் நிற்கும்போதே ஒரு பதிலைச் சொல்லவேண்டி வரும். அது சரியா தப்பா என்று தெரிய வருஷக்கணக்காகலாம். தெரியாமலேயேகூடப் போகலாம். எனக்கு அப்படிப் பல நாட்கள் வாய்த்தன. அதில் ஒன்றை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். ‘சபை எதற்காக?’ என்ற தலைப்பில் அதற்கு முன்பு எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அதன் பிறகு அந்தத் தலைப்பில் பேச எழுந்தால் கொஞ்சம் தயங்குவேன்.

அப்போது நான் தாம்பரத்தில் குடியிருந்தேன். தாய்ச் சபை அங்கே. நாவலூரில் எங்களுக்கு ஒரு கிளைச் சபை இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருந்த காலம். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலைக்கு வந்த பிள்ளைகள், கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் என்று சின்னதாக ஒரு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன்.

ஆலயம் என்று பெயரே தவிர, அது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹால்தான். தரைக்கு மட்டும் அந்த வருஷம்தான் வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தோம். ஒட்டவைத்தவர் சபைச் செயலர் சாலமோன் அண்ணன். அரசாங்க ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூத்தவர். டைல்ஸ் வேலை நடந்த நாளெல்லாம் கூடவே வெயிலில் நின்றார். பிள்ளைகள் அதன்மேல் ஓடினாலே அவர் முகம் சுருங்கும். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒன்றுமில்லாத பொட்டலில் கூட்டம் கூடி, மழையில் நனைந்து, ஒரு கூரையைப் பார்த்த மனிதர் அவர். அந்தத் தரையின் அருமை எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூரையில் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. மூலையில் இயேசு பிறப்புக் குடில் அப்படியே இருந்தது. நான் பிரசங்கத்தின் நடுவில் இருந்தேன். ஒரு பெண் உள்ளே வந்தாள். புடவை முழுக்கச் சேறு. இடுப்பில் ஒரு குழந்தை. யாரையும் பார்க்காமல் பாய்களுக்கு நடுவே நேராக நடந்துவந்து, முன்னால் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். ஏதோ விபத்து என்று நினைத்தேன்.

“இன்னாம்மா ஆச்சு?” என்று ஒரு டீச்சர் கேட்டார்.

“கடலு உள்ள வந்துட்ச்சு,” என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. சுனாமி என்ற சொல்லே அன்று காலை வரை எங்களுக்குத் தெரியாது. வெளியே எட்டிப் பார்த்தால் டெம்போக்களிலும் ஆட்டோக்களிலும் நடந்தும் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். கடற்கரைக் குப்பத்து மீனவக் குடும்பங்கள். மறுபடி அலை வரப்போகிறது என்று யாரோ சொல்ல, கடலை விட்டுத் தூரமாக எங்கே கூரை தெரிந்ததோ அங்கே புகுந்துகொண்டிருந்தார்கள்.

சாலமோன் அண்ணன் என் பக்கத்தில் வந்தார். “பாஸ்டர், ஆசீர்வாதத்தைச் சொல்லி முடிச்சுடுங்க. அப்புறம் வெளியில பந்தல் கிந்தல் போட்டு...”

“அண்ணே, இன்னும் பாய் இருந்தா எடுத்துட்டு வாங்க,” என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். சேற்றுக் கால்கள் வந்துகொண்டே இருந்தன. பிறகு உள் அறைக்குப் போய்ப் பாய்களோடு கிறிஸ்துமஸ் நாடகத்துக்குக் கட்டிய திரைத் துணிகளையும் வாரிக்கொண்டு வந்தார், நனைந்த பிள்ளைகளைச் சுற்றுவதற்காக. அன்று ஆராதனை முடியவே இல்லை. ஆசீர்வாதமும் யாரும் சொல்லவில்லை.

முதலில் வந்த பெண்ணின் பெயர் பூங்காவனம். காலையில் கடலுக்குப் போய்த் திரும்பிய அவள் புருஷன் கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய மீனை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. தினமும் விடிந்ததும் ஊர் ஆண்களோடு ஒரு டெம்போவில் ஏறி, கரையிலும் ஆஸ்பத்திரிகளிலும் தேடிவிட்டு வருவாள். வந்ததும் ஹாலுக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த அடுப்பங்கரையில் சமைக்க நின்றுவிடுவாள். அழுது நான் பார்க்கவில்லை. என் ஆட்களுக்கு நான் பாஸ்டர். அவளுக்கும் அவள் ஊர்க்காரர்களுக்கும் ஏனோ ஃபாதர். நான் திருத்தவில்லை.

ஊர்த் தலைவர் தேசப்பன், முதல் நாளே என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “நாங்க எல்லாம் அம்மனைக் கும்புடறவங்கோ. இங்க கீறதுல உங்களுக்கு ஒண்ணும் பேஜார் இல்லியே?”

“நீங்க யாரைக் கும்பிடறீங்கன்னு இங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்க,” என்று சொன்னேன். நல்ல வார்த்தை சொன்னதாக அப்போது எனக்கு ஒரு திருப்தி. சொன்ன வார்த்தைக்குச் சோதனை பின்னால் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

கம்பெனிப் பிள்ளைகள் லீவு போட்டுவிட்டு வந்து பரிமாறினார்கள். டீச்சர்கள் வீட்டிலிருந்து பாத்திரங்களைத் தூக்கி வந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையை வெளியே வேப்பமரத்தடியில் வைத்தோம். உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால் மெதுவாகப் பாடினோம். அப்படி மெதுவாகப் பாடியபோதுதான் பாட்டின் வரிகள் பலருக்கு முதல்முறையாகக் காதில் விழுந்தன என்று நினைக்கிறேன்.

லாரி வந்தது அதற்குச் சில நாட்கள் கழித்து, ஒரு மத்தியானம். எங்களிடம் அரிசி ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. தாம்பரத்திலிருந்து மறுநாள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். லாரி நிறைய மூட்டைகள், கம்பளிகள், ஸ்டவ்கள். தெற்கே ஒரு ஊரிலிருந்து ஒரு ஜெபக் குழுவினர் திரட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதை நடத்தி வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. அவர் பெயர் இங்கே வேண்டாம். லாரித் தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

“ஸ்தோத்திரம் பாஸ்டர்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “அரை மணி நேரம் போதும். ஒரு பாட்டு, சின்னதா ஒரு செய்தி. ஆண்டவரை ஏத்துக்கறவங்க கையைத் தூக்கட்டும். அனுப்பினவங்களுக்குக் காட்ட ஒரு போட்டோ. உடனே மூட்டையை இறக்கிடலாம்.”

“முதல்ல இறக்கிடலாமே தம்பி. அப்புறம் விருப்பப்பட்டவங்க உக்காரட்டும்.”

“இறக்கிட்டா யாரும் உக்கார மாட்டாங்க பாஸ்டர்,” என்றார். கள்ளமில்லாமல்தான் சொன்னார். அவர் ஊரில் அப்படித்தான் பழகியிருந்தார்.

அவரிடம் என்ன சொல்வது? ஜெபம் செய்யக் கூடாது என்று ஒரு ஆயர் சொல்ல முடியுமா? இந்த ஜனங்கள் இயேசுவை அறியவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதை உங்களிடம் நான் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். வீடு இல்லை, வலை இல்லை, படகு இல்லை. நான் கையைத் தூக்கச் சொன்னால் அத்தனை பேரும் தூக்குவார்கள். மாட்டேன் என்று சொல்ல அவர்களிடம் தெம்பு இல்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாதவனிடமிருந்து ‘சரி’யை வாங்கிக்கொண்டு போய் ஆண்டவர் முன் எப்படி வைப்பது? தேசப்பனிடம் நான் சொன்ன வார்த்தை வேறு இருந்தது.

சாலமோன் அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். “பாஸ்டர், ஜெபம்தானே பண்றாங்க? நம்ம வேலையே அதானே? ராத்திரிக்கு அரிசி கிடையாது, பாத்துக்குங்க.”

அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் நான் லாரித் தம்பியிடம் போய், “இந்த ஹாலுக்குள்ள அது வேண்டாம் தம்பி,” என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. “ஒரு பாஸ்டரே சுவிசேஷத்தைத் தடுக்கறீங்களே,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். லாரி பின்னால் நகர்ந்து திரும்பியது. மூட்டைகளைப் பார்த்திருந்த பிள்ளைகள் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினார்கள்.

பூங்காவனம் அடுப்பங்கரையிலிருந்து வந்தாள்.

“இன்னா ஃபாதரே, அரிசி லாரி திரும்பிகினு போவுது?”

விஷயத்தைச் சொன்னேன். “அவங்க கும்பிடற மாதிரி கும்பிடணும்னாங்க. உங்களைக் கட்டாயப்படுத்தறது தப்புன்னு...”

“அத்த எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

நான் சாலைப் பக்கம் பார்த்தேன். அவள் விடவில்லை.

“உன் மனசு கோணாம இருக்கறதுக்கு எங்க புள்ளைங்க பட்னி கெடக்கணுமா?”

இதைக் கேட்டுச் சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவள் கேட்டது நியாயம். என் ஹாலில் அந்தக் கூட்டம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவர்களுடைய பசிக்கும் சேர்த்து நான் பதில் சொல்லிவிட்டேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். “லாரி ரொம்ப தூரம் போயிருக்காது. மெயின் ரோட்டுல அடுத்த முகாமுக்குத்தான் போகும். போய் வாங்கணும்னு தோணினா போங்க. போனாலும் போகாட்டியும் இந்த இடம் உங்களுக்கு இருக்கு. யார் போனாங்க, யார் போகலைன்னு நான் கேக்க மாட்டேன்.”

தேசப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு, “நான் போறேன். கைதானே, தூக்கிட்டு வரேன்,” என்றார். பாதிப் பேர் அவரோடு கிளம்பினார்கள். யாரோ இரண்டு மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்கள். அவற்றை அலை எப்படி விட்டுவைத்ததோ தெரியாது.

என்னைச் சத்தம் போட்ட பூங்காவனம் மட்டும் கிளம்பவில்லை.

“நீ போகலியாம்மா?” என்றேன்.

“நான் வரல. எங்க வூட்டுக்காரரு கெடைக்கணும்னு ஆத்தாகிட்ட வேண்டிகினு கீறேன். நடுவுல போயி இன்னொரு சாமிகிட்ட கைய தூக்குனா ஆத்தா இன்னா நெனைக்கும்?” என்றாள்.

அவள் அதைச் சொன்ன விதத்தில் என்மேல் எந்தக் கோபமும் இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்டாகிவிட்டது, அவ்வளவுதான். அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நானும் சாலமோன் அண்ணனும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் எழுந்து வீட்டுக்குப் போனவர், தன் வீட்டு அரிசி டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அடுப்பங்கரையில் வைத்தார். “எவ்வளவு வரும்னு தெரியல. சின்னப் புள்ளைங்களுக்காவது ஆகும்,” என்றார். என்னோடு உடன்படவில்லை என்றாலும் என் முடிவின் பாரத்தில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டார். உங்களுக்கு இப்படி ஒரு செயலர் கிடைத்தால் அவரோடு சண்டை போடுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மீன்பாடி வண்டிகள் திரும்பி வந்தன. இரண்டிலும் மூட்டைகள். தேசப்பன் முன்னால் நடந்துவந்தார்.

“கைய தூக்கனோம். போட்டோ புட்ச்சாங்க,” என்றார் என்னிடம். பிறகு நியாயமாகச் சொல்லவேண்டுமே என்பதுபோல, “ஆனா நல்லா பாடுனாங்கோ ஃபாதரே,” என்றார்.

போனவர்களுடைய அரிசி இது, போகாதவர்களுக்கு இல்லை என்று யாராவது பிரித்துவிடுவார்களோ என்று எனக்குள் ஒரு பயம். அப்படி ஒரு பேச்சே எழவில்லை. மூட்டையை நேராக அடுப்பங்கரையில் சாய்த்தார்கள். பூங்காவனம்தான் உலை வைத்தாள். பந்தி போட்டதும் அவளே ஒரு தட்டில் சோறும் குழம்புமாக என் முன்னால் வந்து நின்றாள்.

“துன்னு ஃபாதரே. உங்க சாமி அரிசிதான்,” என்றாள்.

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பசியோடிருக்கிற ஒரு ஆளுக்குச் சோறு போடுகிற முகம். மத்தியானம் நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அரிசி அது. பக்கத்திலிருந்து சாலமோன் அண்ணன் நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை வாங்கிக்கொண்டேன். அவரும் அந்த டைல்ஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழம்பு சிந்தியது. அவர் துடைக்கவில்லை.

“நீ சாப்பிடலியா?” என்று பூங்காவனத்தைக் கேட்டேன்.

“துன்னுவேன். கைதான் தூக்கல. சோறு துன்னா ஆத்தா ஒண்ணும் சொல்லாது,” என்றாள்.

எத்தனையோ ஞாயிறுகளில் அந்த ஹாலில் திருவிருந்து அப்பத்தைப் பிட்டு நான் கொடுத்திருக்கிறேன். ஜனங்கள் கைநீட்டி வாங்கியிருக்கிறார்கள். அன்று கைநீட்டி வாங்கியவன் நான். கொடுத்தவர்கள் யாரும் என் சபையின் அங்கத்தினர்கள் இல்லை. அவர்களில் சிலர் எதற்காகவோ கையைத் தூக்கிவிட்டு வந்திருந்தார்கள், சிலர் தூக்க மறுத்திருந்தார்கள், நானும் அண்ணனும் ஆளுக்கொரு கருத்தோடு உட்கார்ந்திருந்தோம். சோறு எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. சபை என்று நான் படித்ததற்கெல்லாம் மிகப் பக்கத்தில் நான் உட்கார்ந்த நேரம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதை நான் கூட்டவில்லை. நான் செய்ததெல்லாம் கதவைத் திறந்து வைத்ததும், ஒரு லாரியைத் திருப்பி அனுப்பியதும்தான். அந்த இரண்டில் ஒன்றாவது சரியாக இருந்திருக்கும்.

கரையோரமாகத் தகர ஷெட்டுகள் போட்டதும் அவர்கள் போய்விட்டார்கள். பூங்காவனத்தின் புருஷன் கிடைக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் லாரித் தம்பி தாம்பரத்தில் என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. கை தூக்கியவர்களை வைத்து அங்கே ஒரு ஜெபக் கூட்டம் தொடங்கலாம் என்று குப்பத்துக்குப் போயிருக்கிறார். அங்கே அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தேசப்பன் அவரை அடையாளம் கண்டு, பிரியமாகக் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு சொம்பு கூழையும் கொடுத்திருக்கிறார்.

“எங்க சபையில எல்லாருக்கும் அந்தப் போட்டோவைக் காட்டிச் சாட்சி சொன்னேன் பாஸ்டர். எத்தனை பேர் அழுதாங்க தெரியுமா? இவங்க ஏமாத்திட்டாங்களே.”

“அவங்க ஏமாத்தல தம்பி,” என்றேன். “பசிக்குதுன்னாங்க. அது நிஜம்தானே?”

என் மனைவி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது. ஜெயித்துவிட்டதாக எனக்குத் தோன்றவே இல்லை. இந்த மனிதர் ஊர் ஊராய்க் கையேந்தி, தூங்காமல், அந்த அரிசியைக் கொண்டுவந்தவர். அவர் கொண்டுவராவிட்டால் நாங்கள் அன்று சாப்பிட்டிருக்க மாட்டோம். அதை அவரிடம் சொன்னேன். நானும் அதைச் சாப்பிட்டேன் என்றும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். பூங்காவனத்தைப் பற்றி அப்போதுதான் அவருக்குச் சொன்னேன்.

“அவங்களைப் பாக்க முடியுமா பாஸ்டர்?” என்றார்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். குப்பத்துக்குத் திரும்புகிற வளைவில் பூங்காவனம் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

“இவர்தாம்மா அந்த லாரித் தம்பி,” என்றேன்.

“தெரியுமே. எங்க ஆளுங்க இவரு அரிசிதானே வாங்கியாந்தாங்கோ,” என்று கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டாள்.

அவர் சுருங்கிப்போய் நின்றார். கடைசியில், “அக்கா, உங்களுக்காக ஜெபம் பண்ணலாமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அவள் யோசித்தாள். “பண்ணு. எங்க வூட்டுக்காரரு இன்னும் கெடைக்கல,” என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஆண்டவரே,” என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மறுபடி, “ஆண்டவரே,” என்றார். தோள் குலுங்கியது. மேடையில் மணிக்கணக்காகப் பேசக்கூடியவர் அவர். நான் உதவிக்குப் போகலாமா என்று வாயெடுத்தேன். போகவில்லை.

பூங்காவனம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதங்களில் நான் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“போதும் தம்பி. இப்படிக் குந்து,” என்றாள்.

அவர் உட்கார்ந்தார். நான் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.